போர்ட்ரெய்ட்: உருவப்படமா, முகப்படமா?

இன்னார் என்று அடையாளம் தெரியும்படி ஒருவரைக் காட்டும் படம்தான் போர்ட்ரெய்ட். அது ஓவியமாகவும் இருக்கலாம், புகைப்படமாகவும் இருக்கலாம். கூட்டத்தில் தற்செயலாக விழுந்த முகம் இதில் சேராது. அந்த ஆளுக்காகவே அந்தப் படம் உருவாகியிருக்க வேண்டும்.

பழைய பிரெஞ்சில் 'வரைந்து காட்டு' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. அதற்கும் மூலமான லத்தீன் வினைக்கு 'வெளியே இழு' என்று பொருள். எனக்கு இந்த லத்தீன் பொருள்தான் பிடித்திருக்கிறது. மூக்கும் முழியும் அச்சாக இருந்துவிட்டால் போதாது, உள்ளே இருப்பதும் வெளியே வர வேண்டும்.

பழகிய முகத்தைத் திரும்பத் திரும்ப வரையும்போது காலமும் சேர்ந்து வெளியே வருகிறது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இளமையில் தொடங்கி, இறந்துபோன 1669 வரை தன்னையே வரைந்துகொண்டிருந்தார். சுவிஸ் ஓவியர் ஃபெர்டினாண்ட் ஹோட்லர் செய்தது இன்னும் கடினமான வேலை. அவருடைய காதலி வலாந்தீன் கொதே-தாரெல் புற்றுநோயில் படுத்தபோது, பக்கத்தில் இருந்து வரைந்துகொண்டே இருந்தார். முதலில் தலை நிமிர்ந்திருக்கிறது. அப்புறம் தலையணையில் சாய்கிறது, கன்னம் ஒட்டுகிறது, வாய் திறந்துகொள்கிறது. 1915 ஜனவரியில் வலாந்தீன் இறந்த பிறகு வரைந்த படங்களில் உடல் ஒரே படுக்கைக் கோடாகிவிடுகிறது. ஒரு படத்தை மட்டும் பார்த்தால் நோயாளிதான் தெரிவார். வரிசையாகப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் தெரிவார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? உருவப்படம் என்பதே பொருத்தம். படம் என்ற சொல்லுக்குத் துணி என்றும் பொருள் உண்டு. சீலையில் எழுதிய சித்திரத்தைக் குறித்து, பிறகு எல்லாச் சித்திரத்துக்கும் பொதுவாகிவிட்டது. உரு என்றால் வடிவம். மனப்பாடம் செய்வதை 'உருப்போடுதல்' என்கிறோமே, அங்கேயும் உரு வருகிறது. நெருங்கியவரின் முகத்தைப் பலமுறை வரைவதும் ஏறக்குறைய உருப்போடுவதுதான்.

முகப்படம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். கழுத்துக்கு மேல் மட்டும் உள்ள படத்துக்கு அது சரி. முழு உருவத்துக்கு ஒத்துவராது. யானையின் முகத்தில் கட்டும் முகபடாமும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

தூரிகையால் தீட்டியது என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் உருவ ஓவியம், தன்னையே வரைந்துகொண்டால் தன்னுருவ ஓவியம். அச்சிடும்போது தாளை நிறுத்திவைப்பதையும் போர்ட்ரெய்ட் என்கிறார்கள். அங்கே உருவப்படம் என்று மொழிபெயர்த்தால் அபத்தம். நெட்டுவாக்கு என்று எழுதினால் போதும்.