ரெண்டு டிஸ்க் ஆரஞ்சு லைட் எரியுது: எதை முதல்ல நம்பணும்?

ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனில ஏப்ரல் கடைசில சர்வர் ரூம் ஏசிய சர்வீஸுக்கு கழட்டுனாங்க, அப்படியே தூசியும் தட்டிடலாம்னு சர்வரை ஆஃப் பண்ணி நாலு ஹார்டு டிஸ்க்கையும் உருவி துடைச்சு திரும்ப சொருகியிருக்காங்க. ஆன் பண்ணா விண்டோஸ் வரல, கறுப்பு ஸ்கிரீன்ல ஃபாரின் கான்ஃபிகரேஷன்னு ஒரு வரி நிக்குது. அங்க வேலை பாக்கற தம்பி போன் பண்ணி, "அண்ணா, இன்னாமோ ஃபாரின்னு காட்டிகினு கீதுணா, கிளியர்னு ஒரு ஆப்ஷன் வருது, அமுக்கட்டா?"ன்னு கேட்டான். "எதையும் தொடாதடா, ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பு, நான் வந்துகினே இருக்கேன்"னு சொல்லிட்டு சத்துவாச்சாரில இருந்து வண்டிய எடுத்தேன்.

அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு புரிஞ்சா பாதி பயம் போயிடும். ரெய்டுங்கறது பல டிஸ்க்கை சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி காட்டற ஏற்பாடு. 1988ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூணு பேரும் எழுதுன பேப்பர்லதான் இந்த பேரே பரவுச்சு. இந்த சர்வர்ல இருந்தது ரெய்டு 5ங்கற வகை, ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும். அதை கடை கணக்கு மாதிரி யோசிங்க. மூணு நோட்டுல 17, 25, 40ன்னு எழுதியிருக்கு, நாலாவது நோட்டுல கூட்டுத்தொகை 82. இப்ப 25 எழுதுன நோட்டு தொலைஞ்சு போனாலும் 82ல இருந்து 17, 40 ரெண்டையும் கழிச்சா அது திரும்ப கிடைச்சிடும், ஆனா ரெண்டு நோட்டு தொலைஞ்சா அவ்வளவுதான், கணக்கு நிக்காது. (உள்ள நடக்கறது கூட்டல் இல்ல, எக்ஸார்னு ஒரு பிட் கணக்கு, கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்ல இல்லாம நாலுலயும் மாத்தி மாத்தி உக்காரும். தத்துவம் ஒண்ணுதான்.)

இந்த டிஸ்க்குங்க எல்லாம் ஒரே குடும்பம்னு, சர்வர்ல டிஸ்க்குங்களை மேய்க்கற கண்ட்ரோலர் கார்டுக்கு எப்படி தெரியும்? ஒவ்வொரு டிஸ்க்லயும் ஒரு மூலையில சின்னதா ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கும், எந்த குடும்பம், எந்த ரெய்டு லெவல், எத்தனாவது ஆளு, கடைசியா என்ன மாற்றம் நடந்துச்சுங்கறதுக்கு ஒரு வரிசை எண்ணு. லினக்ஸ்ல இதுக்கு சூப்பர்பிளாக்னு பேரு. கார்டு தன்கிட்ட இருக்கற பதிவையும் டிஸ்க்ல இருக்கற குறிப்பையும் ஒப்பிட்டு பாக்குது, ஒத்துப் போகலன்னா அந்த டிஸ்க்கை ஃபாரின்னு ஒதுக்கி வைக்குது. டேட்டா போச்சுன்னு அதுக்கு அர்த்தமே இல்ல, "இவனை சேத்துக்கட்டுமா"ன்னு கார்டு கேக்குது, அவ்வளவுதான். இம்போர்ட் குடுத்தா டிஸ்க்ல இருக்கற குறிப்பை கார்டு ஏத்துக்கும், கிளியர் குடுத்தா அந்த குறிப்பை அழிச்சிடும், டேட்டா அங்கயே கிடக்கும் ஆனா எது எங்கன்னு சொல்ற வரைபடம் போயிடும். அப்புறம் பயத்துல யாராவது புதுசா அர்ரே, அதாவது டிஸ்க் குடும்பம், போட்டு ஃபுல் இனிஷியலைஸ் பண்ணிட்டா டேட்டா மேலயே பூஜ்யம் எழுதிடும், அதுக்கப்புறம் யார்கிட்ட போனாலும் கிடைக்காது.

நான் போய் பாத்தப்ப ஸ்லாட் 1, ஸ்லாட் 3, அதாவது அந்த நம்பர் குழியில சொருகுன டிஸ்க் ரெண்டும் ஃபாரின். ரெண்டையும் ஒரே அடியா உள்ள இழுக்கத்தான் எல்லாருக்கும் கை போகும், ஆனா முதல்ல பாக்க வேண்டியது ஈவென்ட் லாக், எப்ப என்ன நடந்துச்சுன்னு கார்டு எழுதி வெச்சிருக்கற பதிவு. அதுல ஸ்லாட் 1 பத்தொம்பது நாளைக்கு முன்னாடியே விழுந்திருக்கு, ஆரஞ்சு லைட்டை யாரும் கவனிக்கல, மீதி மூணு டிஸ்க்குதான் கணக்கு போட்டு போட்டு ஓட்டிகினு இருந்திருக்கு. இன்னைக்கு ஆஃப் பண்ணி ஆன் பண்ணதுல அது நல்லவன் மாதிரி எழுந்து வந்துடுச்சு. ஸ்லாட் 3 விழுந்தது இன்னைக்கு காலைல, சரியா சொருகாததால.

இதுலதான் உயிரே இருக்கு. ஸ்லாட் 1ல இருக்கறது பத்தொம்பது நாள் பழைய டேட்டா, அதை வலுக்கட்டாயமா ஆன்லைன் ஆக்குனா பழைய பில்லும் புது பில்லும் கலந்து ஃபைல் சிஸ்டமே கிழிஞ்சிடும், அதனால கடைசியா விழுந்த டிஸ்க்கைத்தான் நம்பணும். ஸ்லாட் 1ஐ வெளிய உருவி வெச்சேன், 3ஐ கழட்டி கனெக்டரை துடைச்சு "டக்"குன்னு சத்தம் வர்ற வரைக்கும் தள்ளுனேன், இம்போர்ட்டுக்கு முன்னாடி பிரிவியூ பாத்தேன், டீகிரேடட்னு, அதாவது ஒரு டிஸ்க் குறைவா ஓடுதுன்னு காட்டுச்சு, அதைத்தான் எதிர்பாத்தேன். இம்போர்ட் குடுத்ததும் விண்டோஸ் வந்துடுச்சு.

உடனே புது டிஸ்க் போட்டு ரீபில்டு ஆரம்பிக்கல. ரீபில்டுன்னா போன டிஸ்க்கோட டேட்டாவை கணக்கு போட்டு புதுசுல எழுதறது, அதுக்கு மீதி மூணு டிஸ்க்கையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிக்கணும், சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு கம்பெனிக்காரங்க தர்ற கணக்கே 10^14 பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை வரலாம்ங்கறது, அதாவது சுமார் 12.5 டெராபைட். அந்த நேரத்துல தாங்கிப் பிடிக்க உபரி ஆள் இல்ல. அதனால மொத்தத்தையும் வெளி டிஸ்க்குல பேக்கப் எடுத்தோம், சாயங்காலம் வரைக்கும் ஆச்சு, அப்புறம்தான் புது டிஸ்க். அதுவும் நாஸுக்குன்னே, அதாவது நெட்வொர்க்ல பல டிஸ்க் வெச்சு ஓட்டற பெட்டிக்குன்னே, வர்றதா பாத்து வாங்க சொன்னேன், ஏன்னா டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரை படிக்க ரொம்ப நேரம் முட்டிகினே இருக்கும், பதில் வரலன்னு கார்டு அதை செத்துப் போச்சுன்னு தள்ளிடும், நாஸ் டிஸ்க் ஏழு செகண்டு மாதிரி பாத்துட்டு "இது முடியல"ன்னு சொல்லிடும்.

உருவுன பழைய டிஸ்க்கை என் லேப்டாப்ல மாட்டி ஸ்மார்ட் ரிப்போர்ட் பாத்தேன், டிஸ்க் தன் உடல்நிலையை நம்பர் போட்ட வரிகளா தானே சொல்ற பட்டியல் அது. 199ஆம் நம்பர் வரி ஏறியிருந்தா கேபிளை சந்தேகப்படலாம், இங்க ஏறியிருந்தது 197ஆம் வரி, படிக்க முடியாம காத்துகினு இருக்கற செக்டருங்க. மார்க்கர் எடுத்து டிஸ்க் மேலயே "ஸ்லாட் 1, பழசு, திரும்ப மாட்டாதே"ன்னு பெருசா எழுதி தம்பி கைல குடுத்தேன்.