"என் கட்டுரையைக் காணோம்" என்று ஒருவர் வந்து நின்றால்

"மேடம், ரெண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். காலையில பார்த்தா பக்கமே இல்ல. இதை யார்கிட்டப் புகார் பண்றது?"

ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி ஒருவர் நூலகத்துக்கு வந்து கேட்ட கேள்வி இது. தன் ஊர்க் குளத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியிருக்கிறார். கைபேசியில், ஒற்றை விரலால். கேட்கும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது.

தஞ்சை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். பத்தாண்டுகளுக்கு மேலாக விக்கிப்பீடியாவில் எழுதியும் வருகிறேன். மாணவர்களும் ஆசிரியர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் தொகுப்பது பற்றிச் சந்தேகம் என்றால் என்னிடம் வருவார்கள். இத்தனை பேருக்குப் பதில் சொன்னதில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருடைய உண்மையான கேள்வியாக இருப்பதில்லை.

இது நூலகத் தொழிலுக்குப் பழைய சங்கதி. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளை நூலகவியல் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. "சரித்திரப் புத்தகமெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்பவரை அலமாரிக்கு அனுப்பிவிட்டால் அவர் நேரம் வீணாகும். "எதுக்காகத் தேடுறீங்க?" என்று கேட்டால், தாத்தா படித்த பள்ளிக்கூடம் எந்த ஆண்டு தொடங்கியது என்பதுதான் அவருக்கு வேண்டும் என்று தெரியவரும். விக்கிப்பீடியா கேள்விகளுக்கும் இதே அணுகுமுறைதான் வேண்டும்.

அஞ்சல் அதிகாரி கேட்டது புகார் செய்யும் இடம். "ஒத்தாசைப் பக்கத்தில் (தமிழ் விக்கிப்பீடியாவில் உதவி கேட்கும் பொதுப் பக்கம்) எழுதுங்கள்" என்று சொல்லியிருந்தால் அது தப்பில்லாத பதில்தான். அவரும் அங்கே போய்க் கோபமாக நாலு வரி எழுதியிருப்பார், எதிரில் இருப்பவரும் விறைப்பாகப் பதில் சொல்லியிருப்பார். ஆனால் அவர் மனதில் இருந்தவை வேறு கேள்விகள். எழுதியது மொத்தமாகப் போய்விட்டதா? நான் ஏதாவது தப்புச் செய்தேனா? என் ஊர் அவ்வளவு மட்டமா?

கடைசிக் கேள்வி வந்ததற்குக் காரணம், "குறிப்பிடத்தக்கமை இல்லை" என்று நீக்கலுக்கு எழுதப்பட்டிருந்த குறிப்பு. விக்கிப்பீடியாவில் பழகியவர்களுக்கு இது ஒரு கொள்கையின் பெயர். ஒரு பொருளைப் பற்றி அதனோடு தொடர்பில்லாத நம்பகமான நூல்களோ இதழ்களோ ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறவருக்கோ, "உன் ஊர் குறிப்பிடும்படியான ஊரில்லை" என்று யாரோ முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். "விசமத் தொகுப்பு" என்ற சொல்லும் இப்படித்தான். சோதனைக்காக ஒரு எழுத்தைத் தட்டிப் பார்த்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரில் எச்சரிக்கை போனால், அந்தப் பிள்ளை திரும்ப வராது. பழைய பயனர்கள் தயவுசெய்து இதை யோசிக்க வேண்டும். கலைச்சொல் நமக்குள் பேசும்போது வசதியானது. புதியவரிடம் "உங்கள் குளத்தைப் பற்றிப் புத்தகத்திலோ பத்திரிகையிலோ வந்திருக்கிறதா? அதைச் சேர்த்தால் கட்டுரை நிற்கும்" என்று எழுத இன்னும் அரை நிமிடம்தான் கூடுதலாக ஆகும்.

பதில் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. கேட்பவரின் பேச்சுப் பக்கம், அவருடைய பங்களிப்புகள், கட்டுரை இன்னும் இருந்தால் அதன் வரலாறு, இல்லையென்றால் நீக்கல் பதிவு. இரண்டு நிமிட வேலை. அஞ்சல் அதிகாரியின் பேச்சுப் பக்கத்தைத் திறந்தபோது, நீக்கிய நிர்வாகி முதல் நாளே அங்கே காரணம் எழுதி வைத்திருந்தது தெரிந்தது. இவர் பார்க்கவேயில்லை. கைபேசித் திரையில் மேலே இருக்கும் சின்ன மணிக்குறி, தனக்குக் கடிதம் வந்திருப்பதைச் சொல்கிறது என்று அவருக்கு யாரும் காட்டித் தரவில்லை. முப்பத்தைந்து வருடம் கடிதங்களோடு வாழ்ந்த மனிதர். மணியைத் தொட்டுக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "ஓ, காரணம் சொல்லியிருக்காரே" என்றார். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

மீதிப் பாதி, எழுதியது போய்விடவில்லை என்று தெரிந்ததும் இறங்கியது. நீக்கப்பட்ட பக்கத்தின் எழுத்து பொதுமக்கள் கண்ணுக்குத் தெரியாதே தவிர, நிர்வாகிகளால் பார்க்கவும் மீட்கவும் முடியும். பதிப்புரிமை மீறலோ அவதூறோ இல்லாத எழுத்தை, பணிவாகக் கேட்டால், கேட்பவரின் மணல்தொட்டியில், அதாவது அவர் எழுதிப் பழகும் தனிப் பக்கத்தில், எடுத்து வைத்துத் தருவது வழக்கம். புதியவர்களுக்குத் தெரியாத செய்திகளில் இதுதான் மிக முக்கியமானது. முதலில் இதைச் சொல்லுங்கள். கொள்கை விளக்கமெல்லாம் அப்புறம்.

அடுத்து ஆதாரம். இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன், செலவிடவும் வேண்டும். "இந்தத் தகவல் எங்கிருந்து கிடைச்சுது ஐயா?" என்றேன். "எங்க தாத்தா சொன்னது. நானே கண்ணால பார்த்தது" என்றார். தமிழ் விக்கிப்பீடியாவில் இதை மெய்யறிதன்மை என்கிறோம்: எழுதியவர் யாரென்றே தெரியாத வாசகரும் போய்ச் சரிபார்க்கக்கூடிய வெளியீடு வேண்டும். கண்ணால் பார்த்ததைச் சரிபார்க்க வாசகருக்கு வழியில்லை. இதைச் சொல்லும்போது "நீங்கள் சொல்வது பொய் என்று யாரும் நினைக்கவில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

பிறகு இருவரும் தேட உட்கார்ந்தோம். இந்தியத் தொல்லியல் துறை 1890 முதல் வெளியிட்டுவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் டெல்டா ஊர்களின் பெயர்கள் நிறைய வரும். அவர் ஊர்ச் சிவன் கோயில் கல்வெட்டு ஒன்றும் இருந்தது. குளத்தைத் தூர் எடுக்க நிலம் விட்ட செய்தி அதில் ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்), தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றையும் கேட்பவர்களுக்குச் சொல்லுவேன். ஈழத்து ஊர் ஒன்றைப் பற்றி எழுத வருபவருக்கு, 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திவரும் "நூலகம்" என்ற இணையத்தளத்தைப் போல வேறொரு துணை இல்லை. ஊர்ச் சனசமூக நிலைய மலர்கள்கூட அங்கே கிடைக்கின்றன.

தாத்தா சொன்ன கதை? கோடையில் குளம் வற்றும்போது ஊரே இறங்கி மீன்பிடிக்கும் நாளைப் பற்றி அவர் நான்கு பத்தி எழுதியிருந்தார். அருமையான எழுத்து. அதற்கு விக்கிப்பீடியாவில் இடமில்லை. அச்சேறாத நம் கிராமத்து நினைவுகள் இந்த விதியால் வெளியே நின்றுவிடுகின்றன என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஆனால் விதியை எனக்காகத் தளர்த்தினால், நாளை ஊர்ப்பெருமைக்காகக் கட்டிவிடப்படும் பொய்க் கதைக்கும் அதே வாசல் திறக்கும். அந்த நான்கு பத்தியை வட்டார வரலாற்று இதழ் ஒன்றுக்கு அனுப்பச் சொன்னேன். அச்சில் வந்தால் வேறொருவர் அதை மேற்கோள் காட்டலாம்.

நுட்பக் கேள்விகள் இவ்வளவு கடினமில்லை. தமிழில் தட்டச்சு செய்ய வரவில்லை என்பவருக்கு, தொகுக்கும் பெட்டியிலேயே தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு உள்ளிட்ட விசைப்பலகைகள் இருப்பதைக் காட்டினால் போதும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய ஆய்வேட்டை ஒட்டிவிட்டு "எல்லாம் கோணல்மாணலா வருது" என்பவருக்கு, அதை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும் கருவி வேண்டும். பேச்சுப் பக்கத்தில் கையொப்பமிட நான்கு அலைக்குறி (~~~~). கூகுளில் கண்ட படத்தை, விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றினால் நீக்கிவிடுவார்கள், தானே எடுத்த படம் என்றால் பெரும்பாலும் சிக்கலில்லை. ஆசிரியர்களுக்கு ஒன்று: ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. நாற்பது மாணவர்களை ஆய்வகத்தில் உட்கார வைத்துவிட்டு ஏழாவது பிள்ளையில் மாட்டிக்கொண்டு என்னை அழைத்தவர்கள் உண்டு. முந்தைய வாரமே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி வரச் சொல்லுங்கள்.

தமிழுக்கே உரிய கேள்வி ஒன்று அடிக்கடி வரும். "சூலைன்னா அப்பருக்கு வந்த வயித்து வலிதானே? மாசத்தோட பேரை ஏன் அப்படி எழுதுறாங்க?" கேட்ட தமிழாசிரியை, ஒரு கட்டுரை முழுவதும் சூலையை ஜூலையாகத் திருத்தியிருந்தார். சிறிது நேரத்தில் யாரோ அதை மீளமைத்துவிட்டார். கிரந்த எழுத்து பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஆண்டுக்கணக்காக உரையாடல் நடந்திருக்கிறது. அதில் எந்தப் பக்கம் சரி என்று நான் புதியவருக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒருவர் எழுதி நிற்கும் நடையை, பொருட்பிழை இல்லாதபோது, நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டாம் என்கிறேன். மாற்றியே தீர வேண்டும் என்றால் முதலில் அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கட்டுரையில் "வைத்தியசாலை" என்றிருப்பதைத் தமிழ்நாட்டவர் "மருத்துவமனை" ஆக்குவதும் இதே வகை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்க ஆண்டுகளில் அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். இரு கரைத் தமிழும் அதில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. இளங்கலை மாணவர் ஒருவர் ஐந்து நூல்களை ஆதாரமாகக் காட்டி ஒரு நாட்டார் கலையைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தார். நூல்களைத் தேடினேன். எங்கள் பட்டியலில் இல்லை, வேறு நூலகப் பட்டியல்களிலும் இல்லை. ஐந்தில் ஒன்றுகூட உலகத்தில் இருக்கும் நூல் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கியது என்று அவரே சொன்னார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அது புத்தகத்தின் பெயரையும் உண்டாக்கித் தரும் என்பது அவருக்குத் தெரியாது. 2010 வாக்கில் கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவி வழியாக வந்து குவிந்த கட்டுரைகளைச் சரிசெய்யத் தமிழ் விக்கிப்பீடியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, இது எங்கே போய் முடியும் என்று புரியும். அன்று வந்தது உடைந்த தமிழ், படித்தவுடன் தெரிந்துவிடும். இன்று வருவது வழவழப்பான தமிழ். அதனால் கையில் எடுத்துப் பார்க்காத நூலை ஆதாரமாக இடக் கூடாது என்று ஒவ்வொரு வகுப்பிலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பயனர் பக்கத்தில் முழுப்பெயர், வகுப்பு, பள்ளி, அப்பாவின் கைபேசி எண் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். அறிமுகம் என்று நினைத்துச் செய்வது. அழித்தாலும் பக்க வரலாற்றில் அது நிற்கும், யாரும் திறந்து பார்க்கலாம். அந்தப் பழைய பதிப்பை மறைக்க நிர்வாகியால் முடியும். அதைப் பொதுப் பக்கத்தில் "இந்தப் பிள்ளையின் எண் இங்கே இருக்கிறது" என்று எழுதிக் கேட்காதீர்கள், தனி மின்னஞ்சலில் கேளுங்கள்.

தன்னைப் பற்றிக் கட்டுரை வேண்டும் என்று வருபவர்களுக்கு நான் நேராக "வேண்டாம்" என்றே சொல்கிறேன். பணம் கொடுத்தால் நிரந்தரமாகப் பக்கம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பக்கத்தையும் நிரந்தரமாக வைத்திருக்க எவராலும் உறுதி தர முடியாது. கூலிக்கு எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது.

உதவ நினைக்கும் பழைய பயனர்களிடம் ஒரு வேண்டுகோள். எதையும் அவருக்காக நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். முதல் மேற்கோளை நீங்கள் இட்டுக் காட்டுங்கள், இரண்டாவதை அவர் கையால் இடட்டும். தப்பாக வந்தால் வரட்டும், திருத்திக்கொள்ளலாம். ஒரே பதிலில் பத்து இணைப்புகளை அள்ளிக் கொட்டாதீர்கள். மறுநாள் ஒருமுறை எட்டிப் பார்த்து, உங்கள் பதிலை அவர் பார்த்தாரா என்று உறுதிசெய்யுங்கள்.

குளத்துக் கட்டுரை மணல்தொட்டிக்குத் திரும்பி வந்தது. பதினான்கு பத்தி ஆறு வாக்கியமாகச் சுருங்கியது. கல்வெட்டுத் தொகுதி ஒன்றும் விவரச்சுவடி ஒன்றும் ஆதாரம். பொதுவெளிக்கு நகர்த்தலாமா என்று அவர் ஒத்தாசைப் பக்கத்தில் தானே கேட்டார், கீழே நான்கு அலைக்குறியோடு. பதில் எழுதியவர் முதலில் நீக்கிய அதே நிர்வாகி. நான்காம் நாள் எனக்கு அழைப்பு வந்தது.

"மேடம், பக்கத்து ஊர் ஏரிக்கும் கட்டுரை இல்ல போல. கல்வெட்டுப் புத்தகத்தோட அடுத்த தொகுதி நம்ம லைப்ரரியில இருக்குமா?"