கெய்: சொல் விளக்கம்

ஜப்பானிய ராக், பாப் கேட்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே எதிர்கொள்ளும் சொல் இது. விஷுவல் கெய், ஷிபுயா கெய் என்று இன்னொரு சொல்லின் வாலாகவே வரும். நாம் ‘கெய்’ என்று எழுதினாலும் ஜப்பானியர் வாயில் அது கிட்டத்தட்ட ‘கே’ என்றே ஒலிக்கும்.

இதை எழுதும் எழுத்து சீனத்திலிருந்து போனது. அதன் பெரும்பகுதி நூலிழையைக் குறிக்கும் வடிவம்; தொடர்ச்சியாகக் கோத்தது என்பது அடிப்படைக் கருத்து. வம்சாவளிப் படம் ‘கெய்ஸு’. வெளிநாட்டில் வாழும் ஜப்பானிய வம்சாவளியினர் ‘நிக்கெய்’. ‘தையோகெய்’ என்றால் சூரியக் குடும்பம். இந்தக் கடைசிச் சொல்லில் கெய் நிற்கும் இடத்தில் தமிழ் ‘குடும்பம்’ என்று வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

இசையில் இது எப்படி ஒட்டியது? எக்ஸ் குழு (பின்னாளில் எக்ஸ் ஜப்பான்) 1989இல் வெளியிட்ட ‘ப்ளூ ப்ளட்’ ஆல்பத்தில் ‘விஷுவல் ஷாக்’ என்று முடியும் ஒரு முழக்கம் இருந்தது. அதிலிருந்துதான் ‘விஷுவல் கெய்’ பிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். விறைத்து நிற்கும் தலைமுடி, கனத்த ஒப்பனை, ஆண் பெண் கோடு அழிந்த உடை எல்லாம் சேர்ந்ததுதான் அடையாளம். ஒலி அடையாளமே இல்லை! எக்ஸ் ஒரு பாட்டில் வெறிவேக மெட்டல் வாசிக்கும், அடுத்ததில் பியானோவோடு உருகும். மாலிஸ் மிஸர் குழுவிடம் ஐரோப்பியச் செவ்வியல் சாயல். நான் திரும்பத் திரும்பக் கேட்கும் லூனா ஸீ குழுவில் கிட்டார் பனிபோல் பரவும். மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான். லார்க் அன் சியேல் போன்ற சில குழுக்கள் தங்கள்மேல் இந்தப் பெயரை ஒட்டுவதை விரும்பவும் இல்லை.

ஷிபுயா கெய்யின் கதை வேறு. ஷிபுயா, டோக்கியோவின் ஒரு பகுதி. 1990களில் அங்கிருந்த பெரிய இசைத்தட்டுக் கடைகளில் ஃப்ளிப்பர்ஸ் கிட்டார், பிஸிகாட்டோ ஃபைவ் மாதிரியான குழுக்கள் நன்றாக விற்றன. கடைவட்டாரத்தின் பெயரே இசைக்கும் வந்துவிட்டது. 60களின் பிரெஞ்சு பாப், பிரேசிலின் போஸா நோவா எல்லாவற்றையும் ஆசையாகச் சேகரித்துக் கலந்த இசை அது. உற்சாகம் வேண்டிய காலை நேரத்துக்கு எனக்கு பிஸிகாட்டோ ஃபைவ்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘வகை’ என்று போட்டால் ஒலியை வைத்துப் பிரித்ததாகத் தோன்றும். விஷுவல் கெய்க்கு அது பொருந்தாது. ‘மரபு’ மிகவும் பழையது போல் கனக்கிறது. என் தேர்வு ‘பாணி’. பழந்தமிழில் பாணி என்றால் பாட்டு, தாளம். இன்று அரியக்குடி பாணி, தஞ்சாவூர் பாணி என்று ஆளுக்கும் ஊருக்கும் பின்னால் இயல்பாக ஒட்டுகிறது. உடுத்தும் பாணி, பேசும் பாணி என்று தோற்றத்துக்கும் நடைக்கும் வருகிறது. கெய் செய்யும் இரண்டு வேலைகளையும் இந்த ஒரு சொல்லே செய்துவிடும்.

ஆக, ‘ஷிபுயா பாணி’ என்று தயங்காமல் எழுதலாம். விஷுவல் கெய்க்கு ‘காட்சிப் பாணி’யைவிட ‘ஒப்பனைப் பாணி ராக்’ உடனே புரிகிறது. முதல் தடவை மட்டும் மூலப்பெயரையும் பக்கத்தில் சேர்த்தால் தேடிக் கேட்க விரும்புகிறவர்களுக்கு உதவும். நிக்கெய், தையோகெய் போன்றவற்றில் பாணி செல்லாது. அங்கே வம்சாவளி, குடும்பம் என்று இடத்துக்கு ஏற்பத்தான் எழுத வேண்டும்.