கரகரப்பு: நம் காது சொல்வதும் அவர் சொல்வதும்

குரல் சரியில்லை என்று வருபவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வதில்லை. "தொண்டை கட்டிக்கிச்சு" என்பார் ஒருவர். "பாதிப் பேச்சுல காத்துதான் வருது" என்பார் இன்னொருவர். "சாயங்காலம் ஆனா சத்தமே எழும்பலை", "பேசினா கழுத்து இழுத்துப் பிடிக்குது" என்பதும் உண்டு. மருத்துவச் சீட்டில் எல்லாமே 'கரகரப்பு' ஆகிவிடும். ஆனால் காற்றுக் கசிவு என்றால் குரல்நாண்கள் (தொண்டையில் அதிர்ந்து குரலை எழுப்பும் மடிப்புகள்) முழுதாகச் சேரவில்லையோ என்று பார்க்க வேண்டும். கழுத்து இழுப்பது தசை இறுக்கமாக இருக்கலாம். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவைப்பது நல்லது.

குரல் சிகிச்சை தரும் நாங்கள் குரலைக் காதால் கேட்டு, கரகரப்பு, காற்றுக் கசிவு, இறுக்கம் என்று தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறோம். நோயாளி தன் பங்குக்கு, குரல் கோளாறு தன் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் 'விஎச்ஐ' படிவத்தை நிரப்புவார். 30 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 (பாதிப்பே இல்லை) முதல் 4 (எப்போதும் பாதிப்பு) வரை, மொத்தம் 120. சுருக்கப் படிவத்தில் 10 வாக்கியங்கள், மொத்தம் 40. அதில் 11-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இந்த இரண்டு மதிப்பெண்ணும் பல நேரம் ஒத்துப்போகாது. நமக்கு லேசான கரகரப்பாகத் தெரிவது, நாள் முழுக்க வகுப்பெடுக்கும் ஆசிரியைக்குப் பிழைப்பையே ஆட்டும். பல வருடம் புகைத்துக் குரல்நாண் வீங்கியவருக்கோ குரல் அடியோடு மாறியிருக்கும். ஆனாலும் "என் குரலே இப்படித்தான்" என்று எல்லாவற்றுக்கும் 0 போடுவார். கொஞ்சம் கொஞ்சமாக மாறியதால் அவருக்கே அது உறைப்பதில்லை. அந்த 0-ஐ நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. குரல்நாண் புற்றுநோய் ஆரம்பத்தில் வலியே இல்லாமல் வெறும் கரகரப்பாக இருக்கலாம். நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் கரகரப்புக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையை நேரில் பார்த்தாக வேண்டும். புகைப்பழக்கம், கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம், அண்மையில் தைராய்டு அறுவை என்று ஏதாவது இருந்தால் நான்கு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

பார்கின்சன் நோயில் இது இன்னும் தலைகீழ். குரல் தணிந்துபோயிருக்கும்; ஆனாலும் நோயாளி மனைவியைக் காட்டி, "நான் சரியாத்தான் பேசறேன், இவளுக்குத்தான் காது மந்தம்" என்பார். அது வீம்பு அல்ல. தன் சத்தத்தைத் தானே அளக்கும் திறன் நோயால் குறைந்துவிடுகிறது. வழக்கமான சத்தத்தில் பேசச் சொன்னால் கத்துவதுபோல் இருக்கிறது என்பார். சிகிச்சையில் பெரும்பாடு இங்கேதான்.

நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறது. அதனால் கைபேசிப் பதிவு உதவும். அமைதியான அறையில் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே மூச்சில் 'ஆ' சொல்லி, பிறகு ஒரே பத்தியைப் படித்துப் பதிவு செய்யுங்கள். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே தூரத்தில். தூரம் மாறினால் சத்தத்தை ஒப்பிட முடியாது.

படிவத்தில் நடக்கும் பெரிய கோளாறு, உடன் வந்தவர் பதில் சொல்வது. மகன் படித்துக் காட்டலாம், எண்ணை அம்மாதான் சொல்ல வேண்டும். குரலால் வருமானம் குறைகிறது என்ற வரியை வேலைக்குப் போகாத நோயாளிகள் விட்டுவிடுவார்கள்; அந்தக் காலி இடம் 0 அல்ல, கேட்டு நிரப்ப வேண்டும். மொத்தத்தைவிட எந்த வரிக்கு 4 விழுந்தது என்பதுதான் முக்கியம். போனில் பேசுவதைத் தவிர்க்கிறேன் என்ற வரிக்கு 4 போட்டவருக்குப் பயிற்சியைப் போன் பேச்சிலேயே தொடங்கலாம். சிகிச்சை முடியும்போது அதே படிவத்தை, பழையதைக் காட்டாமல், மறுபடி நிரப்பச் சொல்லுங்கள்.