மேயரை நாமே தேர்ந்தெடுத்தால் என்ன மாறும்?

2022 பிப்ரவரி 19 அன்று சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் தங்கள் வார்டு கவுன்சிலருக்கு மட்டும்தான் போட்டார்கள். மேயரை மார்ச் 4-ஆம் தேதி கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். இதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர். மேயருக்கென்று மக்கள் தனியாக ஓட்டுப் போட்டால் அது நேரடித் தேர்தல்.

இரண்டையும் பார்த்த ஊர்தான் சென்னை. 1996-லும் 2001-லும் மு.க.ஸ்டாலினை மக்களே நேரடியாக மேயராக்கினார்கள். 2006-ல் மறைமுகத் தேர்தல் வந்தது, மா.சுப்பிரமணியன் மேயரானார். 2011-ல் மறுபடி நேரடி, சைதை துரைசாமி வென்றார். அப்புறம் 2016-ல் மறைமுகம், 2018-ல் நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம் என்று விதி மாறிக்கொண்டே இருந்தது. மேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை அரசியலமைப்புச் சட்டம் மாநிலங்களிடமே விட்டிருப்பதால் இப்படி மாற்ற முடிகிறது.

நேரடித் தேர்தலில், ஒரு கட்சி மேயரும் இன்னொரு கட்சிப் பெரும்பான்மையும் மாமன்றத்தில் மோதினால் வேலை நின்றுவிடும் என்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் நேரடித் தேர்தல் பக்கம்தான். ஊர் முழுக்க ஓட்டுக் கேட்டு வந்தவர் ஊர் முழுக்கப் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, பதில் சொல்ல அவர் கையில் என்ன இருக்கிறது? மழை நாளில் உங்கள் தெருவைப் பாருங்கள். நடுத்தெருவில் வட்ட மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை பொங்கினால் அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. 1978 சட்டத்தின்படி அமைந்த அந்த வாரியம் மேயருக்குக் கீழே வராது. ஓரத்து மழைநீர் வடிகால் அடைத்திருந்தால் மாநகராட்சி. தெருவிளக்கு மாநகராட்சி, அதற்கு மேலே தொங்கும் கம்பி மின்வாரியம். மாநகராட்சிக்குள்ளேயே நிர்வாகத்தை நடத்தும் ஆணையர், மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், குடிநீர், நகரத் திட்டமிடல் உட்பட 18 பணிகளை நகராட்சி அமைப்புகளுக்குத் தரலாம் என்று பட்டியல் போட்டது. எதைத் தருவது என்பது மாநில அரசின் கையில். இந்தப் பட்டியல் முழுசாக வந்து சேராதவரை, நேரடி மேயரும் ஒவ்வொரு வாரியத்துக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தேர்தலே நடக்காமல் போவது இதைவிடப் பெரிய இழப்பு. ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. அதிகாரிகளே நடத்தினார்கள். தெருவில் குப்பை எடுக்கவில்லையென்றால், போய்க் கேட்க நாம் ஓட்டுப் போட்ட ஆள் ஒருவர்கூட இல்லை.

மேயர் தேர்தல் எப்படி மாறினாலும், இப்போதே நம் கையில் இருக்கும் வழி ஒன்று உண்டு: பகுதி சபை, அதாவது அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொல்லும் கூட்டம். 2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோருமே உறுப்பினர்கள்தான். தனியாக யாரும் சேர்த்துவிட வேண்டியதில்லை. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும் உண்டு. முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்திருந்தார்.

உங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராமல், தெருப் பெயர், எந்த வீட்டுக்கு எதிரே, எத்தனை நாளாக என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.