வீட்டில் ஒரு பிள்ளை, பள்ளியில் வேறு பிள்ளை

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நாளன்று பினாங்கின் எந்தத் தமிழ்ப்பள்ளி வராந்தாவில் நின்றாலும் இப்படியொரு குரல் காதில் விழும்: "இவனா? வீட்டுல சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டானே டீச்சர்!" அவன்தான் தினமும் வெண்பலகையைத் துடைக்கிறான், மேசைகளை நேராக்குகிறான் என்று ஆசிரியை அப்போதுதான் சொல்லியிருப்பார். அடுத்து வரும் அம்மாவுக்குக் கிடைப்பது இதற்கு நேர்மாறான செய்தி. வீட்டில் வாய் திறக்காத பெண், வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குகிறாள். ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று ஆசிரியர் நினைக்கிறார். உண்மையில் இருவரும் தாம் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், பிள்ளையும் எந்த இடத்திலும் நடிக்கவில்லை.

குணம் என்றால் பிள்ளைக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒன்று என்பது நம் எண்ணம். நல்ல குணம் உள்ள பிள்ளை எங்கே விட்டாலும் நன்றாக நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த எதிர்பார்ப்பை முதலில் பெரிய அளவில் சோதித்தவர்கள் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். 1920களில் 8 முதல் 16 வயது வரையிலான பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அவர்கள் நேர்மையை அளந்தார்கள். அளந்த விதம் நுட்பமானது. பிள்ளைகள் தேர்வெழுதி முடித்ததும் தாள்களை வாங்கிப்போய், அவர்களுக்குத் தெரியாமல் விடைகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு அதே தாளை விடைக்குறிப்போடு திருப்பிக் கொடுத்து, நீங்களே திருத்துங்கள் என்றார்கள். யார் எந்த விடையை அழித்து மாற்றினார் என்பது படியைப் பார்த்தால் தெரிந்துவிடும். விளையாட்டில், வீட்டுப்பாடத்தில், காசு கையாளும் வேளையில் என்று வேறு பல சோதனைகளும் நடந்தன.

ஓரிடத்தில் ஏமாற்றாத பிள்ளை இன்னோர் இடத்திலும் ஏமாற்றாது என்று அந்த முடிவுகளை வைத்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு சோதனைகளுக்கு இடையிலான தொடர்பைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு சராசரியாக 0.23 அளவில்தான் நின்றது. முழுத் தொடர்பு இருந்தால் அது 1 ஆக இருக்கும், தொடர்பே இல்லையென்றால் 0. எது சரி, எது தவறு என்று நன்றாகத் தெரிந்த பிள்ளைகளும் தெரிந்தபடியே நடந்துகொள்ளவில்லை. பின்னாளில் அதே தரவுகளை மீளாய்ந்தவர்கள், எல்லாச் சூழலிலும் ஓரளவு பொதுவான நேர்மையும் இருக்கத்தான் செய்கிறது என்று காட்டினார்கள். ஆனால் அந்த அளவு சிறியது. மீதியைத் தீர்மானிப்பது இடமும், சுற்றியிருக்கும் ஆட்களும், வேளையும்.

நம் தொடக்கப்பள்ளியின் நன்னெறிக் கல்விப் பாடத்தில் 14 நெறிகள் இருக்கின்றன. நன்மனம், கடமையுணர்வு, நேர்மை, ஊக்கமுடைமை, விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை என்று பிள்ளைகள் மடமடவென்று ஒப்பிப்பார்கள். அந்தப் பாடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நல்லதைப் பெயர் சொல்லி அடையாளம் காண அது கற்றுத்தருகிறது. ஆனால் பெயர் தெரிந்த நெறி பழக்கமாவது அந்தப் பாடவேளையில் அல்ல.

அது எங்கே நடக்கிறது என்று பார்க்க, ஓய்வு நேரத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குப் போக வேண்டும். ஆண்டு ஒன்றில் சேர்ந்த ஏழு வயதுப் பிள்ளை முதன்முறையாகக் கையில் இரண்டு வெள்ளியோடு வரிசையில் நிற்கிறது. "நாசி லெமாக் வாங்கிக்கோ, ஐஸ் வேண்டாம்" என்று அம்மா காலையில் சொன்னதை நினைவில் வைத்திருக்க வேண்டும். முன்னால் நிற்பவனைத் தள்ளாமல் பொறுக்க வேண்டும். முறை வரும்போது நாசி லெமாக் தீர்ந்திருந்தால், அழாமல் மீகூனுக்கு மாற வேண்டும். மீதிக் காசைக் கேட்டு வாங்க வேண்டும். இத்தனையும் மணி அடிப்பதற்குள்.

நினைவில் நிறுத்துவது, உந்துதலை அடக்குவது, திட்டத்தை மாற்றிக்கொள்வது ஆகிய இந்த மூன்றையும் உளவியலாளர்கள் செயலாட்சித் திறன்கள் என்கிறார்கள். இவற்றில் பெரும் பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்புறணிக்கு உண்டு. மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் அதுவும் ஒன்று, இருபது வயதைத் தாண்டியும் அதன் வளர்ச்சி தொடர்கிறது. ஏழு வயதில் அது தடுமாறத்தான் செய்யும். தடுமாறித் தடுமாறிச் செய்யும்போதுதான் அந்த நரம்பு இணைப்புகள் உறுதிப்படுகின்றன. பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் வேலி ஓரமாக நின்று, வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு உணவை வாங்கி நீட்டிவிடும் பெற்றோரைப் பார்க்கிறோம். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் இரண்டு நாளோடு அது போதும். வீட்டில் அண்ணனோ பாட்டியோ விட்டுக்கொடுத்துவிடுவார்கள். முப்பது அந்நியப் பிள்ளைகளுக்கு நடுவில் தன் முறைக்காகக் காத்திருக்கும் பயிற்சியை வீடு எவ்வளவு முயன்றாலும் தர முடியாது.

அந்தத் தன்னடக்கம் பிற்காலத்தில் எவ்வளவு கணக்கில் வருகிறது என்பதை நியூசிலாந்தின் டனீடன் நகரத்து ஆய்வு காட்டுகிறது. 1972, 1973ஆம் ஆண்டுகளில் அங்கே பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். சிறுவயதில் தன்னடக்கம் கூடுதலாக இருந்தவர்கள் 32 வயதில் சராசரியாக உடல்நலத்திலும் சேமிப்பிலும் மேலாக இருந்தார்கள், குற்றவழக்கில் சிக்கியதும் குறைவு. அந்தத் தன்னடக்கத்தை அவர்கள் எப்படி மதிப்பிட்டார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. பெற்றோர் சொன்னது, ஆசிரியர் சொன்னது, ஆய்வாளர் நேரில் கண்டது, பிள்ளையே சொன்னது எல்லாவற்றையும் சேர்த்தார்கள். ஒருவர் கண்ணுக்குத் தெரிவது பாதிப் பிள்ளைதான் என்பதை அந்த ஆய்வு தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பழக்கம் எப்படி உருவாகிறது? ஒரு செயல், அதை நினைவூட்டும் ஒரே குறிப்புக்குப் பின் திரும்பத் திரும்ப நடந்தால் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். வகுப்பில் மணி அடித்தால் மேசையை ஒதுக்குவது அப்படி வந்தது. வீட்டில் அந்த மணியும் இல்லை, கடமை அட்டவணையும் இல்லை, கூடவே ஒதுக்கும் நண்பர்களும் இல்லை. அதனால் பழக்கமும் தலைகாட்டுவதில்லை. லண்டனில் பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், புதிய பழக்கம் தானாக வரும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை. பள்ளியில் வேரூன்றிய பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவர வேண்டுமானால், பள்ளியில் அதற்கு என்ன குறிப்பு இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்டால்தான் தெரியும்.

பொறுமைக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. மிட்டாய் ஒன்றை முன்னால் வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு தருகிறேன் என்று சொல்லும் ஸ்டான்ஃபோர்டு சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொறுக்காத பிள்ளைக்கு மனவுறுதி குறைவு என்று நெடுநாள் நம்பினோம். 2013இல் செலஸ்ட் கிட்டும் உடன் ஆய்வாளர்களும் இதில் ஒரு மாற்றம் செய்தார்கள். சோதனைக்கு முன்பே பிள்ளைகளிடம் நல்ல வண்ணக்கோல்களைக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம், இல்லை, தீர்ந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். பிறகு மிட்டாய் வந்தது. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் தாங்கியது 3 நிமிடம். மொத்தம் 28 பிள்ளைகளே கலந்துகொண்ட சிறிய ஆய்வுதான், ஆனாலும் வேறுபாடு மிகப் பெரியது. பெரியவர்களின் சொல்லை நம்பலாமா என்று பிள்ளை கணக்குப் போடுகிறது, அந்தக் கணக்கின் விடைதான் நமக்குப் பொறுமையாகவோ அவசரமாகவோ தெரிகிறது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்யும் பெற்றோரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இரவு ஷிப்டு முடிந்து பட்டர்வொர்த்துக்கும் பிறைக்கும் பாலம் கடந்து திரும்பும் அம்மாவிடம், பிள்ளையோடு நிறைய நேரம் செலவிடுங்கள் என்று அறிவுரை சொல்வது கொடுமை. அவரால் முடிவது வேறு. சனிக்கிழமை கடற்கரைக்குப் போகலாம் என்று சொன்னால் போவது, முடியாது என்றால் முதலிலேயே முடியாது என்று சொல்வது. காப்பாற்றிய சிறிய வாக்கு ஒவ்வொன்றும் பிள்ளையின் பொறுமைக்கு முதலீடு. பள்ளிக்கும் இது பொருந்தும். புறப்பாட நடவடிக்கையில் அடுத்த வாரம் உனக்கு வாய்ப்பு என்று சொன்ன ஆசிரியர் அதை மறக்கக்கூடாது.

வீடும் பள்ளியும் தனித்தனியாக நல்லவையாக இருந்தால் மட்டும் போதாது, அவற்றுக்கு இடையிலான உறவும் பிள்ளையை வளர்க்கிறது என்று 1979இல் எடுத்துச் சொன்னவர் உளவியலாளர் யூரி புரோன்ஃபென்பிரென்னர். அதற்கு முன்பே, 1962இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெரி பாலர்பள்ளித் திட்டம் தொடங்கியிருந்தது. 123 ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் பாலர்கல்வி கொடுத்தார்கள். காலையில் வகுப்பு. அதோடு வாரம் ஒருமுறை ஆசிரியர் பிள்ளையின் வீட்டுக்கே போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்.

முதலில் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் ஏறியது. சில ஆண்டுகளில் அந்த ஏற்றம் கரைந்துபோனது. திட்டம் தோற்றது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் 40 வயதில் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளில் பள்ளியை முடித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் கூடுதல், கைதானவர்கள் குறைவு. நோபெல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் குழுவினர் தரவுகளை அலசி, இந்தப் பலனில் பெரும்பகுதி நடத்தையிலும் குணத்திலும் ஏற்பட்ட மாற்றத்தால் வந்தது என்று கண்டார்கள். வகுப்பறையா, வீட்டுச் சந்திப்பா, எது வேலை செய்தது என்று அந்த ஆய்வில் பிரித்துப் பார்க்க வழியில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன.

வாரந்தோறும் வீட்டுக்கு வர இன்றைய ஆசிரியரால் முடியாது. அதைவிட எளிய வழியை மேத்யூ கிராஃப்ட், டாட் ரோஜர்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். தேர்ச்சி பெறாத உயர்நிலை மாணவர்களுக்கான கோடைகால வகுப்பு அது. பெற்றோருக்கு வாரம் ஒரே ஒரு வரி, அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும், ஆசிரியரிடமிருந்து போனது. தோல்வி விகிதம் ஏறத்தாழ 16 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காட்டுக்கு இறங்கியது. பாராட்டும் வரிகளைவிட, அடுத்து எதைச் சரிசெய்யலாம் என்று சொன்ன வரிகள் நன்றாக வேலை செய்தன. "ஒழுங்கா படி" என்ற பொதுப் புலம்பலுக்குப் பதிலாக, "செவ்வாய்க்கிழமை கணிதப் பயிற்சி பாக்கி இருக்காமே" என்று வீட்டில் பேச்சு தொடங்க அந்த ஒரு வரி வழிசெய்தது.

நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களும் கோத்தோங் ரோயோங் கூட்டுப்பணி, விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா என்று நிறையச் செய்கின்றன. அவை பள்ளியைத் தூக்கி நிறுத்துகின்றன. ஆனால் ஒரு பிள்ளையின் குறையை நாற்பது பெற்றோர் படிக்கும் குழுவில் போடுவது கேடு. குழு அறிவிப்புக்கு, பிள்ளையைப் பற்றிய வரி தனியாக. இதை ஒரு விதியாகவே பள்ளிகள் எழுதி வைக்கலாம்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். கிளாடியா மியுல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு பகுதிப் பிள்ளைகளை "நீ கெட்டிக்கார பிள்ளை" என்றும், வேறு சிலரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தன. தம் மதிப்பெண்ணை வேறொரு பிள்ளைக்கு எழுதி அனுப்பச் சொன்னபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் குறைவு. பட்டத்தைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்கிறது. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிந்த பிறகும், எத்தனை 'ஏ' என்று கேட்கும் வழக்கம் நம் உறவுக்கூட்டங்களில் ஒழியவில்லை.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது பதின்மூன்றாம் வயது. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் சில மிகச் சிறியவை. அங்கே தலைமையாசிரியருக்குப் பிள்ளையின் தாத்தாவைக்கூடத் தெரியும். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளை மலாயை வலுப்படுத்தும் புகுமுக வகுப்புக்கோ நேராகப் படிவம் ஒன்றுக்கோ, நூற்றுக்கணக்கானோர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. பழைய குறிப்புகள் எல்லாம் ஒரே நாளில் அறுந்துபோகின்றன. மணி வேறு, நண்பர்கள் வேறு, மொழி வேறு. ஆறு ஆண்டு தமிழில் ஆசிரியரோடு பேசிய அம்மா, மலாயில் தடுமாறுவோமோ என்று தயங்கி வாசலோடு நின்றுவிடுகிறார். பிள்ளைக்குத் துணை மிகவும் தேவைப்படும் ஆண்டில்தான் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோகிறது.

இந்த வயதைப் பற்றிய 50 ஆய்வுகளை நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் 2009இல் தொகுத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொடுப்பது பயன் தரவில்லை. படிப்பு எதற்கு, உன் ஆசை என்ன, அதற்கு இந்த ஆண்டு என்ன செய்யலாம் என்று பிள்ளையோடு பேசிய பெற்றோரின் பிள்ளைகள்தாம் நன்றாக வந்தார்கள். அந்தப் பேச்சுக்கு இடைநிலைப்பள்ளிப் பாடம் தெரிந்திருக்கத் தேவையில்லை, மலாயும் தேவையில்லை. பள்ளியில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். அதற்கு முதல் மாதத்திலேயே வகுப்பாசிரியரையோ ஆலோசக ஆசிரியரையோ போய்ப் பாருங்கள், பேச்சுத் துணைக்கு அக்காவையோ மாமாவையோ அழைத்துக்கொள்ளலாம். ஓய்வு நேரத்தில் யாரோடு இருக்கிறான், எந்தப் பாடவேளையில் சுருங்கிப்போகிறான், இந்த மாதம் வீட்டில் நாங்கள் எந்த ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள், அவருக்குத் தெரியாத பாதி அதுதான்.