உண்ணியைக் கொல்லும் மருந்தும் உங்கள் நாயும்

உண்ணியோ சொறியோ கண்ட நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுவருமுன், மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த ஐவர்மெக்டின் ஊசிமருந்தை வீட்டிலேயே போட்டுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மாட்டுக்கு ஒத்துக்கொள்வது நாய்க்கு ஆகாதா என்ற கேள்விக்கு விடை, முதுகெலும்புள்ள விலங்குகளும் அற்றவையும் எங்கே வேறுபடுகின்றன என்பதில் இருக்கிறது.

உண்ணிக்கு எலும்பு இல்லை. அதன் உடலைத் தாங்குவது கைட்டின் என்ற உறுதியான பொருளாலான புறக்கூடு. மாட்டுக்கும் நாய்க்கும் சட்டகம் உடலுக்குள்ளே இருக்கிறது. முதுகுப்பக்கம் ஓடும் தண்டுவடத்தை முள்ளெலும்புகளும் மூளையை மண்டையோடும் காக்கின்றன. இவை கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள். மருந்து பார்ப்பதோ நரம்பணுவை. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளால் திறந்து, குளோரைடு அயனிகளை அணுவுக்குள் விடும் குளோரைடு வாயில்கள் உருண்டைப்புழுக்களிலும் உண்ணி, சொறிப்பூச்சி போன்ற கணுக்காலிகளிலும் உண்டு, முதுகெலும்பிகளில் இல்லை. அவ்வாயில்களை ஐவர்மெக்டின் திறந்தபடியே நிறுத்திவிடுவதால் ஒட்டுண்ணி செயலிழக்கிறது. நாடாப்புழுவுக்கும் ஈரல் தட்டைப்புழுவுக்கும் முதுகெலும்பு இல்லைதான். ஆயினும் அவை இம்மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே 'எல்லாப் புழுவுக்கும் ஒரே ஊசி' என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் முதுகெலும்புள்ள எந்த விலங்குக்கும் ஆபத்து இல்லையா? இருக்கிறது. நம் மூளையிலும் இம்மருந்து பற்றக்கூடிய வேறு குளோரைடு வாயில்கள் உண்டு. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பில் இருக்கும் ஒரு புரதம் மருந்தை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் தப்பிக்கிறோம். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு, மரபணு மாற்றத்தால் அப்புரதம் வேலை செய்வதில்லை. இளங்குட்டிகளுக்கு அத்தடுப்பு முழுமையாக வளர்ந்திருக்காது. ஆமையின் ஓடே முதுகெலும்பும் விலா எலும்புகளும் இணைந்து உருவானது. அவ்வளவு திடமான முதுகெலும்பிக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது.

அளவைப் பொறுத்தவரை, மாட்டு ஊசிமருந்தின் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் இருக்கிறது. அது 50 கிலோ எடையுள்ள மாட்டுக்கான அளவு. அதே ஒரு மில்லிலிட்டரை 5 கிலோ குட்டிக்குப் போட்டால் கிலோவுக்குப் பத்து மடங்கு போகிறது.

கண்ணின் பாவை விரிதல், எச்சில் வடிதல், தள்ளாட்டம், நடுக்கம், பார்வை மங்குதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காதீர்கள். இதற்கென முறிமருந்து இல்லை. திரவம் ஏற்றுவதும் மூச்சைக் காப்பதுமாகச் சிகிச்சை பல நாட்கள் நீளக்கூடும். வரும்போது மருந்துக் குப்பியைக் கொண்டுவாருங்கள்; எவ்வளவு, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை.